ஈயப் பற்கள்

ஜெசிந்தாவின் வலக்கையை நசுக்கியவன் நான். அவளுடைய கவனக்குறைவு என்று ஊரே சொல்கிறது. இல்லை... நான்!

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. நாளை கடைத்தெருவில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போவதுமில்லை. அந்தத் துணிச்சலில்தான் வாய் திறக்கிறேன். ஒப்புக்கொள்வதிலும் எவ்வளவு கோழைத்தனம், பாருங்கள்!

நுவரெலியாவில் தையல் மெசினும் கடிகாரமும் பழுதுபார்ப்பவன் நான். கந்தப்பளைக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு விநோத ஆசை. பிலிமில் படம் பிடித்து, இருட்டறையில் தாங்களே கழுவிப் பார்க்க வேண்டும். அதற்கென்று பழைய என்லாஜர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். ஓர் இரும்புத் தூண், அதில் ஏறி இறங்கும் கனத்த விளக்குத் தலை, அடியில் காகிதம் வைக்கும் பலகை. தலையை உயர்த்த உயர்த்தக் காகிதத்தில் விழும் படம் பெரிதாகும்.

அந்த இருட்டறையில் வேலை பார்த்தவள் என் சித்தி மகள் ஜெசிந்தா. தேயிலை மலையில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த வேலைக்குப் போனவள். என்லாஜரின் தலை தானாக வழுக்கி இறங்குகிறது என்றதும், மனேஜர் அதைக் கொழும்புக்கு அனுப்பப் பார்த்தார். இவள்தான் தடுத்தாளாம். "எங்க அண்ணன் கைபட்டு ஓடாத மெசினே இல்லைங்க சேர்."

அந்தப் பெருமையைக் காப்பாற்றவேண்டுமே எனக்கு!

திறந்து பார்த்தேன். தூணின் பற்களைக் கவ்வும் சிறிய பித்தளைப் பற்சக்கரம் தேய்ந்து போயிருந்தது. சில பற்கள் இல்லவே இல்லை. புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும். கடைசல் பட்டறை கண்டியில். இறம்பொடையில் மண் சரிந்து பாதை மூடியிருந்த நேரம். ஹட்டன் வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம்... போகவில்லை. மறுநாளே ஓட்டிக் காட்டி அவர்களை வாய்பிளக்க வைக்க வேண்டும் எனக்கு. தேய்ந்த இடங்களில் ஈயத்தை உருக்கி வைத்து, அரத்தால் பல்லாக ராவினேன்.

ஈயம் மெழுகு மாதிரி. அந்தப் பாரத்தை அது நெடுநாள் தாங்காது. தெரியும்! தெரிந்தேதான் பூட்டினேன்.

தலை ஏறியது, நின்றது. மனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெசிந்தாவின் முகத்தில் அன்று இருந்த பூரிப்பு... வேண்டாம், அதைச் சொல்ல என்னால் முடியாது.

பாதை திறந்ததும் கண்டிக்குப் போய்ச் சரியான சக்கரம் கடைந்து வரலாம் என்றிருந்தேன். பாதை திறந்தது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் யாரோ பெரிய படம் கேட்டிருக்கிறார்கள். ஜெசிந்தா தலையை உச்சிக்கு ஏற்றி, அது நகராமல் பிடிக்கும் லொக்கை இறுக்கிவிட்டு, பலகையின் இரும்புச் சட்டத்துக்குள் காகிதத்தைச் செருகியிருக்கிறாள். ஈயப் பற்கள் பிய்ந்தன. தலை அப்படியே அவள் கைமேல் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பெருவிரல் இன்றுவரை மடங்குவதில்லை.

இதோடு முடிந்திருந்தால், பிழை செய்தவன் என்ற அளவிலாவது நின்றிருப்பேன். கேளுங்கள்.

மெசினைச் சோதிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இருட்டறையில் தனியாக நின்றேன். லொக் இறுகித்தான் இருந்தது! அது பிடிப்பது சக்கரத்தின் அச்சை. அச்சு அசையவில்லை; பற்கள்தான் போயிருந்தன. அவள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தாள்.

நான் அந்த லொக்கைத் தளர்த்தினேன். இந்தக் கையால். ஈயத்துணுக்குகளைக் கூட்டி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து மனேஜரிடம் சொன்னேன்: "லொக்க இறுக்காம விட்டிருக்கு சேர். விழுந்த வேகத்துல பல்லும் போயிருச்சு."

ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் கண்டிக்குப் போய்ப் புதிய சக்கரம் கடைந்து வந்து மாட்டினேன். அன்று மட்டும் எனக்கு வழி கிடைத்தது!

மலைக்குத் திரும்பிக் கொழுந்தெடுக்கவும் அந்தக் கை உதவாது. தோட்டத்து லயக் குடியிருப்பில் தாயோடு இருக்கிறாள். தாய் சோறு பிசைந்து கொடுப்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பக்கம் நான் போவதில்லை.

போன மாதம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். வெகுநேரம் ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, அந்த மெசினப் பத்தி ஒங்களுக்குத்தான் தெரியும். நான் லொக்க இறுக்கின மாதிரிதாண்ணே ஞாபகம் இருக்கு. நெசமாவே இறுக்கலையா?"

ஒரு சொல்... ஒரே ஒரு சொல் போதும். அவள் தன் நினைவையாவது நம்பியிருப்பாள். என் நாக்கு என்ன சொல்லிற்று தெரியுமா?

"அவசரத்துல மறந்திருப்பம்மா."

தலையை ஆட்டினாள். அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப என் பிழைதான். நீங்க எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு குடுத்தீங்க... ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

"பரவாயில்லம்மா" என்றேன்.

கேட்டீர்களா? நான் அவளை மன்னித்தேன்!