கடைசி விலை

என் மகனுக்கு ஆபீஸில் புது லேப்டாப் கொடுத்ததும், பழையதை விற்கும் வேலை எனக்கு வந்தது. எட்டாயிரம்தான் பெறும் என்று அவன் சொல்லியிருந்தான். எல்லோரும் பேரம் பேசுவார்களே என்று நான் பன்னிரண்டாயிரம் சொன்னேன்.

தன் மகளின் காலேஜ் படிப்புக்காக அதை வாங்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஓர் அம்மா, மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து நீட்டினார்.

"இன்னாம்மா, கொறைச்சு கேக்க மாட்டியா?"

"எனக்கு இன்னாண்ணா தெரியும்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பணத்தில் கை வைக்க முடியவில்லை. "எட்டாயிரம் குடும்மா, போதும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏண்ணா, ரிப்பேரா?"

லேப்டாப்பைப் போட்டு, எல்லாம் ஓடுவதைக் காட்டி அனுப்பினேன். அவர் சந்தேகம் தீர்ந்ததா, தெரியாது.

இப்போது எதை விற்றாலும் கடைசி விலையைத்தான் முதலில் சொல்கிறேன்.