விரிசலில் ஒட்டிய கண்ணாடி

காலையில் எழுந்ததும் புஷ்பராஜ் அண்ணன் பார்ப்பது சுவர் வெடிப்புக்குக் குறுக்கே சிமெந்து வைத்து ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டை. முகம் பார்க்க அல்ல, அது உடைந்திருக்கிறதா என்று பார்க்க.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் செலீன் அன்ரியின் பழைய வீட்டில் நாங்கள் நான்கு வாடகைக் குடித்தனம். புஷ்பராஜ் அண்ணனும் மனைவி ஜீவராணியும் பின்னறையில். அண்ணனுக்கு வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையில் இருபது வருடமாக வேலை. பக்கத்துக் காணியில் அடுக்குமாடிக்கு அத்திவாரம் தோண்டத் தொடங்கிய கிழமைதான் அவருடைய சுவர் வெடித்தது.

"அது எங்கட அப்பா காலத்து வெடிப்பு. நீர் பயந்து மற்ற ஆக்களையும் பயப்படுத்தாதையும்" என்றார் செலீன் அன்ரி. "இவருக்குச் சுவரோடதான் குடித்தனம்" என்றார் ஜீவராணி அக்கா.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. பிறந்தது பதுளைப் பக்கத்து மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அங்கே சுவர் வெடித்தால் மாப்பசை தடவி ஒரு கடதாசிக் கீற்றைக் குறுக்கே ஒட்டுவார்கள். கீற்று கிழிந்தால் மண் நகர்கிறது, கிளம்பிவிட வேண்டும். பத்தொன்பது வயதில், அடைமழையில், அந்தக் கடதாசியைப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. நான்கு நாளும் "கிழியல, இருக்கலாம்" என்று சொன்னார். ஈரத்தில் பசை இளகி ஒரு நுனி கழன்றிருந்ததைக் கவனிக்கவில்லை. கழன்ற கடதாசி எப்படிக் கிழியும்? ஐந்தாம் நாள் மண் வந்தது. கடைசி அறையான காம்பராவில் படுத்திருந்த இருளப்பன் மாமா வெளியே வரவேயில்லை. அதற்குப் பிறகு அந்த லயத்தில் யாரும் குடியிருக்கவில்லை. இப்போது கூரையைப் பிளந்து கொய்யா மரம் நிற்கிறதாம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், படித்தது புவியியல். அந்தப் பெருமையில் உலகத்தில் காலியான ஊர்களையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அணு உலை வெடித்து வெறிச்சோடிய நகரம், பூமிக்கடியில் நிலக்கரி எரிந்து சனம் விட்டுப்போன ஊர், மணல் புகுந்த சுரங்க ஊர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"தம்பி, அங்கயெல்லாம் கடைசியா வெளிய வந்தது யாரு?"



ஒரு ஞாயிறு காலை கண்ணாடி உடைந்தது. சின்னச் சத்தம்தான், கரண்டி விழுந்தது போல. அவர் கதவு கதவாகத் தட்டினார். ஜீவராணி அக்கா செருப்பில்லாமல் ஓடினார். செலீன் அன்ரி மட்டும் அசையவில்லை, அடுப்பில் இறைச்சி. அவரிடம் எப்போதும் வாசலில் நின்றே பேசும் மனுஷன் அன்றைக்குக் குசினிக்குள் போய் அடுப்பை அணைத்தார்.

"அம்மா, ஒங்க காலப் புடிக்கிறேன். வெளிய வாங்க. திட்டுறத அங்க வந்து திட்டுங்க."

வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் அரை மணி நேரம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. த்ரீவீல்காரர்கள் சிரித்தார்கள். போதும் என்று செலீன் அன்ரி உள்ளே போகக் காலெடுத்தார். புஷ்பராஜ் அண்ணன் கேற்றுக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார். அப்போதுதான் பின்பக்கம் ஓடுகள் சரிந்தன. பிறகு சுவர். தூசி வாசல்வரை வந்தது.

"தம்பி, எண்ணிப் பாருங்க."

"பதினாலு பேரும் இருக்கோம் அண்ணே."

"கடைசியா வந்தது யாரு?"

"நீங்கதான்."

அவர் குந்திவிட்டார். "அப்ப உள்ள யாருமில்ல" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். கண் மட்டும் தூசிக்குள்ளேயே இருந்தது.