ஒரே நாளில் பிறந்தவர்கள்

எங்கள் கம்பெனி சிரம்பானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே மோட்டார் டயர் விற்கும் கடை. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கில் ஏறும். ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஓடி வந்தாலும் ரப்பர் விடாது போல என்று நினைத்துக்கொள்வேன்.

மேலே கதவைத் திறந்தால் வேறு உலகம். ஏர்கண்டிஷன் குளிர், நான்கு கம்ப்யூட்டர்கள், கறுப்புத் திரைகளில் பச்சை எழுத்துகள். வீட்டுக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்களுக்குப் புரோகிராம் எழுதித் தருவது எங்கள் தொழில். எந்த ஊரில் எந்த மாதிரி வீடு என்ன விலை போகிறது என்ற தகவலையும் திரட்டி டிஸ்கில் போட்டு விற்றோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தோட்டத்தில் யாராவது கேட்டால், "பேங்கு பொட்டிக்கு எம் மவ பாடம் சொல்லிக் குடுக்குறா" என்பாள் அம்மா. இதைவிடச் சரியாக என் வேலையை யாரும் சொன்னதில்லை.

எனக்கு இருபத்துமூன்று வயது. கால் ஓரிடத்தில் நிற்காது; கேஎல் என்கிற கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் கனவு வேறு. வாரத்தில் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லுக்குட், பெடாஸ், பாரோய் என்று சுற்றி வீட்டு விலை விசாரிப்பேன். லுக்குட்டில் ஒரு ஒர்க்ஷாப்காரர் எண்ணெய்க் கையோடு சொன்ன விலை, அடுத்த வாரம் எங்கோ ஒரு மானேஜரின் திரையில் பச்சையாக எரியும். அதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

அப்போதுதான் ஐசி என்கிற அடையாள அட்டை புதிதாக மாறி வந்திருந்தது. அதன் எண்ணில் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதி. என் புரோகிராம் அந்த ஆறையும் தானே வெட்டியெடுத்து, வயதைக் கணக்கிட்டு, ஓய்வு வயதான ஐம்பத்தைந்துக்கு இன்னும் எத்தனை வருடம் என்று பார்க்கும். அத்தனை வருடத்துக்குள் கடன் கட்டி முடிய வேண்டும். முடியாதென்றால் திரையில் 'தீடாக் லாயாக்' என்று விழும். மலாயில் 'தகுதி இல்லை'. கண் இமைப்பதற்குள் ஒரு மனிதரின் எதிர்காலத்தை அளந்து சொல்லும் பெட்டி! அதை எழுதிய விரல்கள் என்னுடையவை என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த வருடம் எங்கள் தோட்டம் கைமாறியது. தீபாவளிக்கு முன் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். பாரோய்ப் பக்கம் ஒரு மலிவுவிலை வீட்டுக்கு அம்மா பேர் கொடுத்திருந்தாள். ஒரு மாதத்துக்குள் கடன் கடிதம் கொண்டு போகாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்கு. எங்கள் புரோகிராமை வைத்திருந்த நிதி நிறுவனம் ஒன்றில்தான் மனு போட்டோம். எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை. அம்மாவின் மனு என் புரோகிராமில் ஓடுவதை அவளே பார்க்கட்டும் என்று ஒரு சனிக்கிழமை ஆபீசுக்கே அழைத்து வந்தேன்.

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "இது தொட்டா ஷாக் அடிக்குமாடி?"

"அடிக்காதும்மா. பேசாம பாரு."

எண்ணைத் தட்டினேன். தீடாக் லாயாக்.

மறுபடி தட்டினேன். அதேதான். வயது நாற்பத்தொன்பது, மீதி ஆறு வருடம். ஆறு வருடத்தில் கட்டி முடிப்பதென்றால் மாதத் தவணைக்கு அம்மாவின் சம்பளம் முழுதும் போட்டாலும் பற்றாது.

"என்னா சொல்லுது ஒன் பொட்டி?"

"ஒனக்கு வயசு அதிகமாம்."

அம்மா சிரித்தாள். "அது பொய் வயசுலா. பன்னெண்டு வயசுல என்னை ரப்பர் மரத்துல பால் வெட்டச் சேத்தாங்க. சின்னப் புள்ளைக்கு அரைச் சம்பளம்தானே? முழுச் சம்பளம் கெடைக்கட்டும்னு, தோட்டத்துல பேரு பதியிற கிராணி பதினெட்டுன்னு எழுதுனாரு. பொறப்புப் பத்திரம் யாருகிட்ட இருந்துச்சு? அவரு எழுதுனதை வச்சுத்தான் ஐசியும் எடுத்தோம்."

"தேதி?"

"ஜூலை ஒண்ணு. எங்க செட்டுல எல்லாருக்கும் ஜூலை ஒண்ணுதான். அவருக்கு ஞாபகம் வச்சுக்கச் சுளுவு."

எனக்கு என்னமோ தோன்றியது. அந்த நிதி நிறுவனத்தின் மனுக்கள் எல்லாம் எங்கள் டிஸ்கில் இருந்தன. ஜூலை முதல் தேதி பிறந்தவர்களை மட்டும் எடு என்று கட்டளை கொடுத்தேன். திரை நிறைந்தது. மேலே ஓடியது. மறுபடி நிறைந்தது. எல்லாம் நம் பெயர்கள். முகவரியெல்லாம் தோட்டம், டிவிஷன், லயன் நம்பர்.

"இதெல்லாம் யாரு?" என்றாள் அம்மா.

"ஒங்கூடப் பொறந்தவங்க."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். எத்தனையோ கிராணிகள், எத்தனையோ தோட்டங்கள், எல்லோர் பேனாவிலும் அதே சுலபமான தேதி. என் பெட்டி அத்தனை பேரையும் ஒரே நொடியில் கூட்டி நிறுத்திவிட்டது. அவர்களில் ஒருவருடைய வயதும் அதற்குத் தெரியவில்லை.

எங்கள் முதலாளி முன்னாள் பேங்க் கிளார்க், யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், யாருக்கும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

"இஞ்ச பாரும் பிள்ளை," என்றார். "ஐசியில என்ன இருக்கோ அதுதான். உம்மட அம்மாவுக்கு நீர் மாத்தினா, நாளைக்கு என்ர மச்சானுக்கு நானும் மாத்தோணும். எனக்கு எட்டு மச்சான்மார்."

சிரிப்பு வரவில்லை எனக்கு. நிதி நிறுவனத்தின் மனுப் படிவத்தை அவர் மேசையில் போட்டு வரிவரியாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெற்றோருடன் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்திட்டால், பிள்ளையின் வயதை வைத்தே வருடம் கணக்கு. அந்தப் பக்கத்தை என் புரோகிராமில் நான் சேர்க்கவே இல்லை. யார் நிரப்பப்போகிறார்கள் என்று அவசரத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

முதலாளி நிதி நிறுவனத்துக்குப் போன் போட்டார். "சேர்த்துக் குடுத்தா சரியாம்," என்றார். நான்கு நாள் உட்கார்ந்து புரோகிராமில் இரண்டாவது ஆளுக்கு இடம் வைத்து எழுதினேன்.

அம்மாதான் மறுத்தாள். "நீ கேஎல்லுக்குப் போறேன்னு குதிச்சிக்கிட்டு இருக்க. ஒன் தலையில இதக் கட்டி வுடவா? வேணாம்டி. ரெண்டு ரூம்பு வாடகைக்கு எடுத்துக்குவோம்."

"ரூம்புக்கு வாடகை குடுத்தா அது நம்ம வீடா ஆயிடுமா? ஆகுற எடத்துல காசு கட்டுவோம்."

"எத்தன வருசம்?"

"இருபத்தஞ்சு."

"ஐயோ!"

அடுத்த சனிக்கிழமை மறுபடி அழைத்து வந்தேன். அவள் எண், அதன் கீழே என் எண். ஒரு கணம் திரை யோசித்தது. 'லாயாக்' என்று விழுந்தது. பிறகு பிரிண்டர் கீச்சுக்கீச்சென்று ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி. காகிதம் மடிமடியாக இறங்கித் தரையில் குவிந்தது. அம்மா காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

"நிக்கவே நிக்காதா?"

நின்றது. கடைசி வரியைக் காட்டினேன். அடுத்த நூற்றாண்டின் ஒரு தேதி. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், எண்ணும் தெரியும். பால்கறை படிந்த விரலை அந்தத் தேதியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"அன்னைக்குக் கட்டி முடிச்சிருவோமா? கரெக்டா அன்னைக்கு?"

"அன்னைக்குத்தான்."

"நான் பொறந்த நாளச் சொல்ல ஆளு இல்ல. இது இன்னும் வராத நாளச் சொல்லுது." பிறகு படிவத்தை இழுத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

நான் போடுமுன் சொன்னாள்: "கேஎல்லுக்குப் போ. ஆனா இந்தத் தேதிக்கு லீவு சொல்லி வச்சிரு."