அம்மா அமுக்கிய டீசல் பம்ப்

புனேயில் மகர்பட்டா தாண்டியதும் எங்கள் டீசல் கார் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி என் கை ஓய்ந்துபோனது. விரலெல்லாம் டீசல் வாடை.

சின்ன வயதில், சிஞ்ச்வட் வீட்டில் அம்மாவின் கையில் எப்போதும் இந்த வாடைதான். அவள் போடும் சப்பாத்தியில்கூட இருக்கும். தினமும் காலையில் அவள் பம்பை அமுக்குவாள்; அப்பா சாவியோடு உள்ளே உட்கார்ந்திருப்பார். டீசல் ஏறினால் பம்ப் கெட்டிப்பட வேண்டும்.

"கெட்டியாச்சா?" என்பார்.

"எங்க? பம்பே போயிடுச்சுங்க."

"உனக்கென்ன தெரியும்?"

அப்பா ஃபில்டரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார். ஒருநாள் அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே வந்து அமுக்குங்க" என்றாள். அமுக்கிப் பார்த்தவர், நேரே மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

"பம்ப் நல்லாத்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் அமுக்கு" என்றார் இன்று, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவர்.

"இறங்கி வாங்க" என்றேன்.