கோடில்லாத கண்ணாடி

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் என்னிடம் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. தூரத்துக்கு உள்ளது மூக்கில், வாசிக்க உள்ளது கைப்பையில். கடைசி வாங்குப் பிள்ளைகளைப் பார்க்க ஒன்று, அவர்களின் கொப்பியைத் திருத்த மற்றது. ஒரு பாடம் முடிவதற்குள் பத்துத் தரமாவது மாற்றுவேன். எந்தக் கண்ணாடியோடு நிற்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

வெரிஃபோக்கல் போடச் சொல்லி என் கணவர் ஒரு வருஷமாக நச்சரித்தார். மேல்பக்கத்தால் தூரம் தெரியும், கீழ்ப்பக்கத்தால் எழுத்துத் தெரியும், நடுவில் கோடும் இராது என்பார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரை விட்டுக் கண்டிக்கு வந்ததிலிருந்து நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமலே இருந்தோம். மூக்கில் இருப்பதாவது மாறாமல் இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. படி இறங்கும்போது கால் தெரியாது என்று கூடப் படிப்பிக்கும் ஒருத்தி வேறு பயமுறுத்தியிருந்தாள். கண்டியில் படி இல்லாத வீடு எங்கே இருக்கிறது? வீதியிலிருந்து எங்கள் வாசலுக்கே நாற்பத்திரண்டு படி.

அப்போது தமிழ்ச் சனமான நாங்கள், வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கணவர், மகள், நான் என்று மூவரின் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போனேன். வாசலிலேயே கைப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்கள். வாசிக்கிற கண்ணாடியும் அதோடு போய்விட்டது. உள்ளே இருந்த பொலிஸ்காரர் அட்டைகளைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதினார். எனக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், ஆனால் அன்று எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கண்ணாடியை எடுத்துவரவா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையைக் குனிந்து, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் பெயர்களில் தகப்பன் அல்லது புருஷன் பெயர் முன்னுக்கு வரும், சொந்தப் பெயர் பின்னுக்கு. அந்தப் பொலிஸ்காரர் முதற்பெயரை மட்டும் எழுதிப் பின்னுக்கு இருந்ததை விட்டுவிட்டார். ஆக, அந்தப் பதிவின்படி எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: செத்துப் பல வருஷமான என் மாமனார், பிறகு இரண்டு தரம் என் கணவர். பெண் என்று ஒருத்தியும் இல்லை.

அடுத்த கிழமை கம்பஸுக்குப் படிக்கப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் மகளை பஸ்ஸால் இறக்கினார்கள். பதிவைக் கேட்டுப் பார்த்தால், அந்த வீட்டில் அப்படி ஒரு பெண் இல்லை. வீட்டில் இருக்கும் மற்ற ஆண்கள் யார், எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று காலையிலிருந்து பின்னேரம் வரை கேட்டிருக்கிறார்கள். பிறகுதான் அவளை விட்டார்கள். எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கணவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம், பொறுமையான மனிதர். புதுக் கண்ணாடி வந்ததும் மாட்டிவிட்டுச் சொல்லித் தந்தார்.

"டீச்சர், கண்ண மட்டும் உருட்டப்படாது. எதப் பாக்கணுமோ அதுக்கு நேரா மூக்கத் திருப்புங்க. முன்னுக்குப் பிடிச்சிருக்கிறத வாசிக்கிறண்டா நாடியக் கொஞ்சம் ஒசத்துங்க."

தன் முகவாயையே தூக்கிக் காட்டினார். இரண்டு கிழமை போட்டுப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் பழைய மாதிரியே மாற்றித் தருவதாகச் சொன்னார். முதல் மூன்று நாளும் தலை சுற்றியது. படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அறிவித்தல் பலகைக்கு முன்னால் நாடியைத் தூக்கி நின்ற என்னை, பள்ளிக்கூடத்துக்கு அதிபரம்மா வந்துவிட்டா என்று வகுப்பில் கேலி செய்தார்கள். போதும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று தினமும் காலையில் முடிவெடுப்பேன். பின்னேரம் அந்த முடிவை மாற்றுவேன்.

பதிவைத் திருத்த எங்களைக் கூப்பிட்டது அந்த இரண்டாவது கிழமையில்தான். புறப்படும்போது மேசையில் மூன்று கண்ணாடிகள் இருந்தன. எதைப் போடுவது என்று வெகுநேரம் நின்றேன். கைப்பையை வாசலில் வாங்குவார்கள், மூக்கில் இருப்பதை வாங்கமாட்டார்கள். புதியதைப் போட்டுக்கொண்டு கணவரோடு இறங்கினேன்.

அதே ஆள்தான் இருந்தார். புதிதாக எழுதிவிட்டுப் பதிவுப் புத்தகத்தை என் கையில் தரவில்லை. மேசைக்கு மேலால் என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். எழுத்துக் கலங்கலாக இருந்தது. நாடியை உயர்த்தினேன். எழுத்துத் தெளிந்தது. அவருடைய முகம் மாறியது. எங்களுடைய ஆள் ஒருத்தி அந்த அறைக்குள் அப்படித் தலையை நிமிர்த்தி அவர் பார்த்திருக்கமாட்டார். என்ன பார்வை என்று சிங்களத்தில் கேட்டார்.

கண்ணாடிக்காக ஒரு வருஷம் நச்சரித்த மனிதர் என் முழங்கையைப் பிடித்தார்.

"இஞ்ச, தலையைக் கொஞ்சம் குனியும். முறைக்கிறீர் எண்டு நினைக்கப்போறான்."

"குனிஞ்சா எழுத்துத் தெரியாது," என்றேன்.

வரிவரியாக வாசித்தேன். முதல் வரியில் மாமனார் இல்லை, கணவர் இருந்தார், சரியான பெயரோடு. இரண்டாவதில் மகள், முழுப்பெயரோடு. மூன்றாவது வரியில் மறுபடியும் கணவரின் பெயர், அவ்வளவுதான். எழுதியவர் முன்னாலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்த நான் அந்த வீட்டில் இன்னும் இல்லை.

அது என் புருஷனுடைய பெயர், என் பெயர் அதற்குப் பின்னால் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனையை மூடினார். திறந்தார். என் அட்டையைத் திரும்ப வாங்கினார். அவர் என் பெயரை எழுதிப் புத்தகத்தை மறுபடி தூக்கிக் காட்டும்வரை நான் நாடியை இறக்கவில்லை.