மாப்பிள்ளையைப் பார்க்கப் போய் நாத்தனாரைப் பார்த்த கதை

எண்பதுகளின் கடைசியில், பினாங்கில் கல்யாண வயதுப் பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தைப்பூசம் பெரிய உதவி. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவே விசாரிக்கும். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகிற வழியில், தண்ணீர்ப் பந்தலில் நின்று ரோஸ் சிரப் ஊற்றிக் கொடுக்கிற பெண்ணைத் தாகத்துக்கு வந்தவர் மாதிரி பார்த்துவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. பிடிக்கவில்லை என்றாலும் தாகமாவது தீர்ந்திருக்கும். என்னோடு பந்தலில் நின்ற பாதிப் பெண்கள் முருகனுக்காக நிற்கவில்லை என்பது முருகனுக்கும் தெரியும்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. டத்தோ கிராமாட்டில் வீடு, ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. தைப்பூசத்துக்கு முதல் நாளே அம்மா பாடம் நடத்திவிட்டார்.

“நீலச் சட்ட போட்டு வருவாரு. கெப்பாலா பத்தாஸ்ல கவர்மெண்ட் வேல. கூட அவங்க அக்கா வருவாங்க. நீ கப்பக் குடுக்கிற மாதிரி குடுத்துட்டு ஒரு தடவ நிமுந்து பாத்துக்க. ஒரு தடவதான் லா, முழிச்சிப் பாத்துட்டே நிக்காத.”

முழித்துப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஆனால் நான் பார்த்தது நீலச் சட்டையை இல்லை. அதன் பக்கத்தில் கடுகு நிறப் புடவையில் அக்கா நின்றார். தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ஐஸ் கொஞ்சம் கம்மியா போடும்மா,” என்று சிரித்தார். நான் ஐஸையும் குறைக்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. சிரப் கப்பை நிறைத்து, மேசையில் ஓடி, என் செருப்பில் வழிந்த பிறகு பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பெண்ணைப் பார்த்து நான் இப்படி நின்றது முதல் தடவை இல்லை. ஆணைப் பார்த்தும் நின்றிருக்கிறேன். பள்ளியில் பூப்பந்து ஆடிய ஒருவனுக்காக ஒரு வருடம் உருகினேன். பிறகு டைப்பிங் வகுப்பில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவளோடு இரண்டு வருடம், அவளும் என்னோடு. இரண்டும் காதல்தான். ஒன்று ஒத்திகை, மற்றது நாடகம் என்றெல்லாம் யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். இந்தத் தீவில் இப்படி நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதில் பயம் நிறைய இருந்தது, கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடி வந்தார். “மாப்பிள எப்படி?”

“அக்கா நல்லா இருக்காங்க,” என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. “நாத்தனாரப் புடிச்சிப்போச்சுன்னா பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி,” என்று அப்பாவிடம் போய்ச் சொன்னார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் சம்மதம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை பெண்ணோடு பேச வேண்டுமாம். அம்மா முதலில் முகம் சுளித்தார், பிறகு துணைக்கு மாப்பிள்ளையின் அக்கா வருவார் என்றதும் ஒப்புக்கொண்டார். இடம், தண்ணீர்மலை அடிவாரத்துத் தாவரப் பூங்கா. குரங்குகள் அதிகம் என்பதால் நாங்கள் குரங்குத் தோட்டம் என்போம். ஞாயிறு காலையில் நானும் அவரும் முன்னால் நடந்தோம். அக்கா கையில் ஒரு கச்சாங் கடலைப் பொட்டலத்தோடு பின்னால் வந்தார், காதுக்கு எட்டாத தூரத்தில், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்.

மாப்பிள்ளை முன்னுரை எதுவும் சொல்லவில்லை.

“அன்னிக்கு நீங்க என்னப் பாக்கல. எங்க அக்காவப் பாத்தீங்க.”

சமாளித்துப் பார்த்தேன். “புடவ நல்லா இருந்துச்சு.”

“புடவையப் பாக்கிறவங்க கரையப் பாப்பாங்க. நீங்க மொகத்தப் பாத்தீங்க.”

இவர் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அம்மா, அப்பா, ஆபீஸ், தெரு எல்லாம் ஒரு நிமிடத்தில் கண் முன்னால் வந்து போயின. அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பயப்படாதீங்க லா. எதிர்க்க ஒரு காவடிக்கு உறுமி அடிச்சாரே ஒரு அண்ணன், நான் அவரத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்க சிரப்ப ஊத்தி மேசையக் குளிப்பாட்டுனப்பதான் உங்களப் பாத்தேன். அப்புறம் வேற யாரையும் பாக்கல.”

நான் சிரித்த சிரிப்பில் ஒரு குரங்கு மரத்தை விட்டு ஓடியது. “என்னடா தம்பி ஜோக்கு?” என்று பின்னாலிருந்து அக்கா கத்தினார். “குரங்கு, அக்கா!” என்றார் இவர்.

அடுத்தடுத்த ஞாயிறுகள் பண்டிகை மாதிரி இருந்தன. என்னைப் போல இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார், இனி எனக்கு யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம் என்று துள்ளினேன். ‘நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு’ என்று அவரிடம் சொல்லியும் விட்டேன். கல்யாணமானால் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்று கணக்குப் போட்டோம். பஸ்ஸில் ஏறினால் ஆணா, பெண்ணா என்று பார்க்காமல் மொத்த பஸ்ஸையும் முறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பார்க்கப் பார்க்க எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நடக்கும்போது சட்டைக் கையை மடித்துவிடுகிற அந்த மணிக்கட்டைப் பார்ப்பதற்கென்றே வெயில் வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு அவர் தன் பழைய காதலைச் சொன்னார். தினமும் காலையில் ஃபெர்ரியில் ஏறுகிற ஒருவர். ஒரே பேப்பரை இருவரும் பாதி பாதியாகப் பிரித்துப் படிப்பார்களாம். அவங்க விசில் அடித்தால் சகிக்காதாம், ஆனாலும் அக்கரையில் பட்டர்வொர்த் வரும் வரை அடிப்பாங்களாம். மழை பெய்தால் குடையை விரிக்க மறந்துவிட்டு வானத்தைப் பார்ப்பாங்களாம். பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஆம்பளயா, பொம்பளயா?”

அவர் நின்றார். “ஓ, அதச் சொல்லலியா? ஆம்பள.”

“அதத்தானே மொதல்ல சொல்லணும்!”

“ஏன்?”

உண்மையாகவே கேட்டார். எனக்குத் தலை சுற்றியது. எனக்கு ஆணைப் பிடிப்பது ஒரு விதம், பெண்ணைப் பிடிப்பது வேறு விதம். மனம் தடுமாறுகிற இடமே வேறு. இவருக்கோ அது சட்டையின் நிறம் மாதிரி. கேட்டால் யோசித்துச் சொல்வார்.

இன்று இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. நான் இருபாலீர்ப்பு என்பதற்குள் வருவேன், பைசெக்சுவல் என்றால் இன்னும் பலருக்குப் புரியும். பால் எது என்பதே ஈர்ப்பில் கணக்கில்லாத அவரை அனைத்துப்பாலீர்ப்பு, பான்செக்சுவல் என்பார்கள். இன்னும் நாலைந்து பெயர்களும் உண்டு. ஒரே பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்றும் சொல்ல மாட்டேன், என்னைப் போல இன்னொருத்தி இருந்தால் எனக்கே தாங்காது. அப்போது எங்களுக்கு ஒரு பெயரும் தெரியாது. அதனால் சண்டை போட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

சண்டையை ஆரம்பித்தது நான். நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாமா என்று இரண்டு வீட்டிலும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஞாயிறு மயில் கழுத்து நிறத்தில் சேலை கட்டி, பாசார் பூக்கடையில் முதல் ஆளாக நின்று வாங்கிய மல்லிகையை வைத்து, கண்ணுக்கு மை இட்டு, ராணி மாதிரி போய் நின்றேன்.

“எப்படி இருக்கு?”

“எப்பவும் போலத்தான் இருக்கீங்க,” என்றார் அன்பாக.

அன்பாகச் சொன்னதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. “நான் பொண்ணா இருக்கிறது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லியா?”

“நீங்க நீங்களா இருக்கீங்க. அது போதாதா?”

“போதாது! நான் பொண்ணு. பொண்ணாத்தான் என்னப் பாக்கணும். இல்லாட்டி நான் எதுக்கு இந்த வெயில்ல ஆறு கஜத்தச் சுத்திட்டு வரணும்?”

அவருக்கும் கோபம் வந்தது. நான் பார்த்த முதல் கோபம். “உங்களுக்குத்தான் ஆம்பளைக்கு ஒரு கணக்கு, பொம்பளைக்கு ஒரு கணக்கு. அப்ப நான் ஆம்பளப் பக்கத்த மட்டும்தான் நெரப்புவேன். மத்த பக்கம் காலியாவே கெடக்குமா? பத்து வருசம் கழிச்சு எவளாச்சும் ஒருத்தி வந்து உக்காருவா. நான் பாத்துட்டிருக்கணுமா?”

ஊரில் எவனாவது இதைச் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். இவர் சொன்னதால் கழற்ற முடியவில்லை, வலிக்க மட்டும் செய்தது. திரும்பி நடந்து, அக்காவைத் தாண்டி, பஸ் ஏறிப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு தலைவலி என்றேன். அம்மா தைலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “வேணாம்னா வேணாம்னு சொல்லிரு. அவங்க கேட்டுட்டே இருக்காங்க. அடுத்த வாரத்துக்குள்ள ஒரு பதில் சொல்லியாகணும்,” என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ரகசியம் ஒத்துப்போகிற ஆள் என்பதற்காக நான் அவரை வைத்துக்கொண்டிருக்கவில்லை என்று. எனக்கு அவர்தான் வேண்டும். அவருக்கு நான் வேண்டுமா, யாராக இருந்தாலும் பரவாயில்லையா என்பதுதான் தெரியவில்லை.

மறுவாரம் போனேன். பூவும் இல்லை, மையும் இல்லை, ஆபீஸ் பாவாடை சட்டை. அவர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். அக்கா எதையும் கேட்காமல் வழக்கமான தூரத்துக்குப் போய்விட்டார்.

“ரெண்டு விதமாப் பிடிக்கும்னுதான் நான் சொன்னேன்,” என்று ஆரம்பித்தேன். “ரெண்டு பேர் வேணும்னு சொல்லல. டைப்பிங் கிளாஸ்ல அவளோட இருந்தப்ப, ஆம்பள யாரும் இல்லியேன்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணல. எந்தப் பக்கமும் காலியா இல்ல. நீங்க வந்த பெறகும் இல்ல.”

“எனக்கு அது தெரியல. உங்க மனசு என்னோடது மாதிரி இல்லன்னதும் பயந்துட்டேன்,” என்றார். பிறகு, “அன்னிக்கு நீங்க பூ வெச்சிட்டு வந்தத நான் பாத்தேன். ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. பொண்ணுங்கறதுனால பிடிச்சுச்சான்னு கேட்டா, பொய் சொல்ல வராது. நீங்க வெச்சதுனால பிடிச்சுச்சு. அத அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. போதும் என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனமில்லை. இன்னும் ஒன்று கேட்டுவிட வேண்டும்.

“நான் ஆம்பளயா இருந்திருந்தா? என்னப் பாக்க இப்படி ஒவ்வொரு ஞாயிறும் வந்திருப்பீங்களா?”

“வந்திருப்பேன்.”

யோசிக்கவே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அக்கா ஒரு குட்டிக் குரங்குக்குக் கச்சாங்கை நீட்டிக்கொண்டிருந்தார். இவர் குரல் மாறிவிட்டது.

“அக்காவத்தான் கூட்டிட்டு வந்திருக்க முடியாது.”

நான் நடையை நிறுத்திவிட்டேன். ஃபெர்ரியில் விசில் அடித்தவரைப் பற்றி அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. டைப்பிங் வகுப்புக்காரியைப் பற்றி நானும் அம்மாவிடம் சொன்னதில்லை. அவளை ஈப்போவில் கட்டிக்கொடுத்தபோது, தோழி என்று என்னை மண்டப வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அவளுக்கும் பின்னால் இப்படி யாரும் காவலுக்கு நடந்து வந்ததில்லை. யாராவது வந்துவிடுவார்களோ என்று பார்த்துப் பார்த்தே நடந்தோம். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவும் அழுதேன், முகம் தெரியாத அந்த விசில்காரருக்காகவும் அழுதேன். இவருக்கும் கண் கலங்கியிருந்தது.

நான் அவர் கையைப் பிடித்தேன், முதல் தடவையாக, பட்டப்பகலில், பூங்காவின் நடுவில். பின்னால் அக்கா இருமினார். மறுபடியும், கொஞ்சம் பலமாக இருமினார். இருமட்டும் என்று விட்டுவிட்டேன்.