முன்னால் நடந்தவர்

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் பறவைகளே இல்லாமல் போய்விட்டன என்று அமீருதீன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கரையைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன, கைப்பேசிக் கோபுரங்கள் வந்துவிட்டன, அவை பாவம் எங்கே போகும் என்று பால்காரரிடம் கேட்பார். பள்ளிவாசலில் செருப்பு மாட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் கேட்பார். சொல்வதில் நியாயம் இருந்தபடியால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

2006ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு காலை, சமையலறை ஜன்னலோரம் தேநீருடன் நின்று மனைவியிடமும் அதையே சொன்னார்.

"இந்தச் செம்பருத்தியிலே ஒரு தையல்சிட்டு இருந்துச்சே பானு, காதைக் குடைஞ்சுக்கிட்டு. இப்பப் பாரு, சத்தமே கிடையாது."

மெஹர் பானு முகத்தைத் திருப்பாமல் தோசையைப் புரட்டினாள். செம்பருத்திக்குள் தையல்சிட்டு கத்திக்கொண்டுதான் இருந்தது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல் அதற்கு.

"ஆமாங்க" என்றாள், நெஞ்சிலிருந்து குரலைக் கனமாக எடுத்து.

அந்தக் கனத்த குரல் அவளாகப் பழகிக்கொண்டது. எதிர்வீட்டுச் சரசு ஒருநாள், "இன்னாக்கா, தொண்டை கட்டிக்கினு கீதா? ஆம்பள மாதிரி பேசுற" என்று கேட்டேவிட்டாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மெஹர் பானு தப்பித்தாள். மே மாதத்தில் என்ன பனி என்று சரசு நல்லவேளையாகக் கேட்கவில்லை.

மெஹர் பானு, கோவிலம்பாக்கத்தில் விறகுக்கடை வைத்திருந்தவரின் மகள். அமீருதீனுக்கு வாழ்க்கைப்பட்டபோது மெரினாவைத் தவிர வேறு கடற்கரையை அவள் கண்டதில்லை. அவருக்குக் கிண்டியில் தகடு அழுத்தும் பட்டறையில் வேலை. கரையோர ஊர் ஒவ்வொன்றாக உனக்குக் காட்டுகிறேன் என்று மணமான புதிதில் சொன்னார். பட்டறை விடுப்புத் தரவில்லை. பிறகு குழந்தைகள், பள்ளிக்கூடம், கல்யாணச் செலவு. ஓய்வுபெற்ற மறுமாதமே இரண்டு பைகளை எடுத்து வைத்து, "கிளம்பு" என்றார்.

நாகூரில் தொடங்கினார்கள். அமீருதீன் எதிலும் விதி வகுத்துக்கொள்பவர். ஓர் ஊருக்குப் போனால் கரையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை நடந்தே பார்க்க வேண்டும். கால் வலித்தாலும் நடுவில் ஆட்டோ ஏறக் கூடாது. முதலில் சலித்துக்கொண்ட மெஹர் பானுவுக்கு மூன்றாவது ஊருக்குள் அந்த விதி பிடித்துப்போயிற்று. காயல்பட்டினத்தில், வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் மட்டுமே நடக்கும் முடுக்குச் சந்துகளில் அவள் தனியாக வெகுதூரம் நடந்தாள். முன்பின் தெரியாத பெண்கள் கூப்பிட்டு உட்கார வைத்து வட்டிலப்பம் கொடுத்தார்கள். கோழிக்கோட்டில் மாவு அடைத்துப் பொரித்த கல்லுமக்காய்ச் சிப்பியைக் கடற்பாலத்தின் அருகே நின்றபடியே தின்றாள். ஐம்பது வயதுக்குமேல் தனக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. மகள் ஆஃபியா பல்லாவரத்திலிருந்து போன் செய்து, "ஊரைச் சுத்தினது போதும்மா, வயசாகுது ரெண்டு பேருக்கும்" என்று சொல்லும்போதெல்லாம், அடுத்த ஊர் எது என்றுதான் அவள் மனம் கணக்குப் போட்டது.

கண்ணூரில்தான் அது நடந்தது. கோட்டை மதிலின் விளிம்பில் அமீருதீன் கடலைப் பார்த்தபடி நடந்து போய்க்கொண்டிருந்தார். முன்னால் மதில் இடிந்திருந்தது. மெஹர் பானு கூப்பிட்டாள், உரக்கக் கூப்பிட்டாள், பிறகு கத்தினாள். அவர் திரும்பவில்லை. கீழே நின்ற காவலாளி அடித்தொண்டையில் ஒரு அதட்டல் போட்டார். அமீருதீன் உடனே நின்று திரும்பினார்.

"அலைச் சத்தம், பானு" என்று சிரித்தார்.

அலை அவருக்கு நன்றாகவே கேட்டது. பாங்கு கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, ஆண்களின் பேச்சு கேட்டது. பிரஷர் குக்கரின் விசில் கேட்கவில்லை, பேத்தியின் மழலை கேட்கவில்லை, மனைவி கூப்பிட்டது கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து அவள் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதை அவரிடமும் சொல்லவில்லை, ஆஃபியாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைகள் பரணுக்குப் போய்விடும். குரலை மாற்றிக்கொள்வது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

ஆனால் அமீருதீன் கடற்கரையோடு நிற்கவில்லை. தாம்பரத்தில் ஒரு நடைக்குழு இருந்தது; மாதம் ஒரு ஞாயிறு காடு, மலை என்று போகும். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர் எலியேசர் அதன் தலைவர். பாதை தெரிந்தவர் என்று அமீருதீனை முன்னால் நடக்க விட்டிருந்தார்கள். கயிறும் மருந்தும் கட்டுத்துணியும் இருக்கும் பை எப்போதும் அவர் முதுகில்தான். குழுவின் விதியையும் அவரே வகுத்திருந்தார்: காட்டுக்குள் யாரும் பெயர் சொல்லிக் கத்தக் கூடாது. ஆபத்தென்றால் மூன்று விசில். கேட்டவர் யாரையும் எதிர்பார்க்காமல் அந்த இடத்திலேயே திரும்பிச் சத்தம் வந்த திசைக்கு வந்துவிட வேண்டும்.

விசில் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மெஹர் பானுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜனவரியில் நாகலாபுரம் மலைக்குப் போகிறோம் என்று அவர் சொன்னபோது, "நானும் வர்றேன்" என்றாள்.

"உன் முட்டிக்கு மலையா?"

"கண்ணூர்ல வாங்கின கேன்வாஸ் ஷூ சும்மாதானே கிடக்குது?"

அவருக்குப் பின்னாலேயே நடந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். அடிவாரத்தில் வேனை விட்டு இறங்கியதும் எலியேசர் அதைக் கெடுத்தார். "புதுசா வர்றவங்க கடைசியில, எனக்கு முன்னாடி. அதுவும் உங்க வீட்டுக்காரர் போட்ட ரூல்தாம்மா."

ஓடையை ஒட்டிய பாதை. அமீருதீனின் நீலப் பை பாறைகளுக்கிடையே தெரிந்து தெரிந்து மறைந்தது, பிறகு தெரியவேயில்லை. அதைத் தேடிக் கண்ணை மேலே வைத்து நடந்ததில், பாசி படிந்த பாறையில் மெஹர் பானுவின் கால் வழுக்கிற்று. கணுக்காலில் ஏதோ முறிவதை அவளே கேட்டாள்.

எலியேசர் ஓடிவந்து பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஊதாதீங்க சார்!" வலியையும் மீறி அவர் கையைப் பிடித்தாள். "யாரையாச்சும் அனுப்பிக் கூப்பிடுங்க."

"என்னம்மா சொல்றீங்க? கட்டுத்துணி பாய் பையிலேல்ல இருக்குது?"

ஊதினார். மூன்று முறை. மலை அதைத் திருப்பி ஊதியது. ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அமீருதீனுக்கு அடுத்து நடந்த சுந்தரராமன், வங்கியில் அதிகாரியாக இருந்தவர், கடைசியாக மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். எல்லோரும் அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். பாதை வெறுமையாக இருந்தது.

"எனக்கு முன்னாடிதான் போனார். விசில் கேட்டா யாரையும் பார்க்காம திரும்பணும்னு... அவரும் வருவார்னு நினைச்சேன்."

சுந்தரராமனே மறுபடியும் ஏறிப் போனார். மெஹர் பானு பாறையில் சாய்ந்து கிடந்தாள். கால் வீங்கி ஷூவை நிறைத்தது. எந்தப் பாறையின் விளிம்பில் அவர் நின்றுகொண்டிருப்பாரோ என்ற நினைப்பில் அவளுக்கு வலி இரண்டாம்பட்சமாகிவிட்டது. இதைச் சொல்லியிருந்தால் அவர் இன்று வீட்டில் இருந்திருப்பார், நானும் இருந்திருப்பேன்.

மேல்குளத்துக்குப் பக்கத்தில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சுந்தரராமன் பின்னால் சொன்னார். தலைக்கு மேலே மரம் நிறையச் சின்னான் குருவிகள் இரைந்துகொண்டிருந்தனவாம். அமீருதீன் இவரைப் பார்த்ததும், "பாருங்க சார், இவ்ளோ பெரிய காட்டிலே ஒரு குருவிகூட இல்ல" என்றாராம்.

அமீருதீன் ஓடிவந்தார். மனைவியைப் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், பையை இறக்கினார்.

"மூணு விசில், பாய்" என்றார் எலியேசர். "அடிவாரம்வரைக்கும் கேட்டிருக்கும்."

"காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது சார்" என்றாள் மெஹர் பானு. "மேலே கேட்டிருக்காது."

ஓடைக்கரை மரங்களில் ஓர் இலை அசையவில்லை. சுந்தரராமன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். அமீருதீனும் அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டை வைத்து அவள் காலைக் கட்டினார்.

மாவுக்கட்டுடன் அவள் கட்டிலில் படுத்த மூன்றாம் நாள், அவர் தனியாகப் போய்க் காதுக்குப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். பட்டறை இரைச்சல் கூர்மையான ஒலிகளையெல்லாம் முதலில் தின்றுவிட்டது, போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். வேறு எதையோ பற்றிப் பேசுபவரைப் போலச் சொன்னார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணூர்ல."

"மூணு வருஷமா?" அவர் முகம் கறுத்தது. "அந்தக் காத்து?"

"காத்தே அடிக்கலீங்க."

"ஏன் பானு சொல்லல? ஒன்பது பேரை நம்ப வெச்சு முன்னாடி நடந்திருக்கேன். விழுந்தது நீ. வேற யாராச்சும் விழுந்து..."

"சொன்னா எல்லாம் நின்னுடும்னு பயம்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "உங்களுக்காக மட்டுமில்லீங்க. எனக்குப் போகணும். அடுத்து மங்களூர்னு சொல்லியிருந்தீங்க."

அவருக்குக் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் நீலப் பையை மாட்டிக்கொண்டு தாம்பரத்துக்குப் போனார். வேன் கிளம்பும் இடத்துக்கு எல்லோரையும் வரவழைத்து உண்மையைச் சொல்லிப் பையை எலியேசரிடம் கொடுத்துவிட்டு, முதுகு வெறுமையாகத் திரும்பி வந்தார். நடுவில் நடங்களேன் என்று எலியேசர் சொன்னாராம். யோசிக்கிறேன் என்று இவர் சொன்னாராம். மங்களூரைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

கட்டில் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"அந்தத் தையல்சிட்டு இருக்குதா?"

"இருக்குது."

"எவ்ளோ பேர்கிட்ட சொல்லிட்டேன், இல்லேன்னு." நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, "எப்பெப்பக் கத்துதுன்னு சொல்லு" என்றார்.

ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வது சிரமமாக இருந்தது. அது ஓயாமல் கத்திற்று. அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவர் அவள் முகவாயையே பார்த்தபடி இருந்தார். அசையும்போது அவர் விரலும் நாற்காலிக் கையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டிற்று.

மாத்திரையின் மயக்கத்தில் எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியவில்லை. விழித்தபோது வெயில் சுவருக்கு நகர்ந்திருந்தது. அமீருதீன் அதே நாற்காலியில், அதே பார்வையுடன் இருந்தார். விரல் அசையாமல் இருந்தது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே தையல்சிட்டு கத்திக்கொண்டிருந்தது.